கொடுப்புக்குள் படரும் வெண்கோடுகள்

கொடுப்பின் உட்புறத்தில் வெண்கோடுகள் வலைபோலப் படர்ந்து, அவற்றின் நடுவே சிவந்த இடங்கள் கறியின் உறைப்புப் பட்டதும் எரியும் நிலையை மருத்துவர்கள் லைக்கனொயிட் புண் என்பர். பாறையில் ஒட்டிப் படரும் கற்பாசிக்குரிய லைக்கன் என்ற பெயரே இச்சொல்லின் வேர். 1869இல் எராஸ்மஸ் வில்சன் விவரித்த லைக்கன் பிளானஸ் நோயை இது தோற்றத்தில் ஒத்திருப்பினும், அந்நோயில் புலப்படாத தூண்டுகாரணி இதில் பெரும்பாலும் அகப்படும்: பல்லை அடைத்த பாதரசக் கலவையோ, நாள்தோறும் விழுங்கும் மாத்திரையோ, வெற்றிலையோ அதுவாகலாம்.

இலங்கையின் திருகோணமலைக்கு அருகே, கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரில், 2006இல் போரால் இடம்பெயர்ந்து ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின் காணிக்குத் திரும்பியவர்களைப் பொறுத்தவரை இக்காரணிகளுள் முதலில் நினைக்கத்தக்கது வெற்றிலையே. வெற்றிலையும் புகையிலையும் சப்புவோரின் வாயில், வெற்றிலைக் கூட்டை ஒதுக்கி வைக்கும் அதே இடத்தில், ஒன்றையொன்று வெட்டாத மெல்லிய வெண்கோடுகள் தோன்றுவதை இந்திய ஆய்வாளர்கள் 1980இல் தனியாக விவரித்தனர்; அக்கூட்டிலுள்ள பாக்கு, புகையிலை சேராமல் தனித்தும் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது.

இப்புண்ணில், உடலைக் காக்க வேண்டிய டி-வகை வெள்ளணுக்கள் வாய்ப்படலத்தின் அடிக்கலங்களையே தாக்குகின்றன. அப்போது அழற்சியைப் பரப்பும் தூதுப் புரதங்களான இன்டர்லூக்கின்-6 போன்றவை இரத்தத்தில் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டினாலும், முரசு வீங்கினாலும் அவை உயரக்கூடும் என்பதால், நோயை இரத்தம் மட்டும் உறுதிப்படுத்தாது. சிறு துண்டுத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனையே அதைச் செய்யும். ஆயினும் இரும்பு, பி12, ஃபோலேட் ஆகியவற்றின் குறைவும் சீனியின் மிகுதியும் எரிவையும் சிகிச்சையையும் பாதிப்பதால், அவற்றை அறிய இரத்தப் பரிசோதனை மிகவும் தேவைப்படுகிறது.

எரிவைத் தணிக்க ட்ரையம்சினோலோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொயிட் பூச்சு மருந்துகளோ, பீட்டாமெதசோன் மாத்திரையை நீரில் கரைத்து வாயில் வைத்திருந்து துப்பும் கழுவலோ தரப்படுகிறது. உணவுக்குப் பின்னும் படுக்கைக்கு முன்னும், இடத்தைத் துடைத்துப் பூசி, அரை மணி நேரம் எதுவும் உண்ணாதிருந்தால் மருந்து திசுவில் தங்கும். நீண்டநாள் பூசினால் வாயில் பூஞ்சை படியக்கூடும் என்பதால், மருத்துவர் கூறிய அளவையும் காலத்தையும் தாண்டலாகாது. ஆனால் காரணி நீங்காத வாயில் மருந்து எரிவை மட்டுமே அடக்கும். எரிவு அடங்கியதை நோய் நீங்கியதாகக் கொண்டு மீண்டும் வெற்றிலை சப்புபவர், உடலின் எச்சரிக்கையைத் தம் கையாலேயே அணைக்கிறார். இத்தகைய புண்களுள் சிறு பங்கு புற்றாக மாறுவதால் இத்தவறு பொறுக்கத்தக்கதன்று.

கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் சிறு பயிற்சியோடு வாயைப் பார்த்து ஐயத்துக்குரிய மாற்றங்களை இனங்காண முடியும் என்பதை இலங்கையிலேயே நிகழ்ந்து 1984இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே சம்பூரில் வீடுகளுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர் வயது வந்தோரின் கொடுப்பையும் ஒரு டோர்ச் வெளிச்சத்தில் பார்க்கத் தொடங்கினால், மூன்று வாரமாகியும் ஆறாத கோடு எதுவும் வெறும் வாய்ப்புண் என்று விடப்படாது. திருகோணமலை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர் உரிய காலத்திலேயே செல்வார்.