168 என்பது மதிப்பெண் அல்ல

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சிலருக்குப் படிக்கச் சங்கடமாகவும் இருக்கலாம். பரவாயில்லை, கடைசி வரை படியுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு பழைய மாணவன் நூம்பலில் என் வீட்டைத் தேடி வந்தான். வருவதற்கு முன் போனில், "சார், வீட்ல வேற யாராவது இருப்பாங்களா?" என்று கேட்டான். எனக்கு அப்போதே ஏதோ போல் இருந்தது. என் மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும், நான்காக மடித்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். எச்.ஐ.வி. பாசிட்டிவ். சி.டி.4 எண்ணிக்கை 168.

(அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எந்த பேட்ச் என்று யாரும் துப்பறிய வேண்டாம்.)

"இது பாஸா ஃபெயிலா சார்?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். கை நடுங்கியது.

இரண்டு வருடமாக எடை குறைந்திருக்கிறது, அடிக்கடி காய்ச்சல் வந்திருக்கிறது, சந்தேகமும் இருந்திருக்கிறது. ஏம்ப்பா முன்னாடியே டெஸ்ட் எடுக்கல என்றேன். "நீங்கதானே சார் கிளாஸ்ல சொன்னீங்க, வந்தா சாவுதான்னு. தெரிஞ்சு மட்டும் என்ன பண்ணப் போறோம்னு இருந்துட்டேன்."

சொன்னேன். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில், கரும்பலகையில் மண்டை ஓடு வரைந்து, பக்கத்தில் எய்ட்ஸ் என்று எழுதிச் சொன்னேன். பிள்ளைகள் பயந்தால் ஒழுங்காக இருப்பார்கள் என்று நினைத்தேன். இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டதே நம் சென்னையில்தான். 1986-இல் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து பல வருடம் நம்மவர்களுக்கு எட்டும் விலையில் மருந்து இல்லை என்பதும் உண்மை. ஆனால் 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் உட்பட எட்டு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும், ஓய்வு பெறும் வரை, நான் அதே மண்டை ஓட்டைத்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

அன்று அவனுக்குச் சொன்ன பாடத்தை இங்கேயும் சொல்கிறேன். மழைக்காலம் வந்தால் செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி என்று நாம் தினமும் பார்ப்போம் அல்லவா, 24 அடியை நெருங்கிவிட்டதா என்று? சி.டி.4 என்பது ஏரியில் இருக்கும் நீர்மட்டம் மாதிரி. நோய் எதிர்ப்புப் படையை நடத்தும் வெள்ளை அணுக்கள் அவை. ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1500 வரை இருக்கும். வைரல் லோடு என்பது திறந்து கிடக்கும் மதகு. ரத்தத்தில் எத்தனை கிருமி ஓடுகிறது என்ற கணக்கு அது. சிகிச்சை இல்லாவிட்டால் ஒரு மில்லிலிட்டரில் லட்சக்கணக்கில்கூடப் போகும். மதகு திறந்தே கிடந்தால் மட்டம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இறங்கும். ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 200-க்குக் கீழே போனால் காசநோய், நிமோனியா என்று ஒவ்வொன்றாக உள்ளே வரும் ஆபத்து மிக அதிகம்.

மருந்து மதகை மூடுகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களிலேயே மூடிவிடும். ஏரி நிரம்பத்தான் நாளாகும், சிலருக்கு வருடக்கணக்கில். இதைப் புரிந்துகொள்ளாமல், "மூணு மாசமா மாத்திரை போடுறேன், சி.டி.4 ஏறவே இல்ல" என்று மனம் உடைந்து நிறுத்துபவர்கள் உண்டு. சளி, காய்ச்சல் வந்தால்கூட அந்த எண் ஏறி இறங்கும். ஒரு நாள் ரிப்போர்ட்டை வைத்து ஆயுளைக் கணக்குப் போடக் கூடாது.

முன்பு 200-க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து தந்தார்கள். பிறகு 350 ஆயிற்று, 500 ஆயிற்று. எண்ணிக்கை நன்றாக இருக்கும்போதே தொடங்கினால் கடும் நோயும் மரணமும் பாதிக்கும் மேல் குறைகின்றன என்று 2015-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. 2017-இலிருந்து இந்தியாவில் எண் எதுவாக இருந்தாலும், பாசிட்டிவ் என்றால் உடனே சிகிச்சைதான். இப்போது பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, அதுவும் இலவசம்.

இவ்வளவு இருந்தும் 168-இல் வந்து நிற்கிறான் என்றால் குறை மருந்தில் இல்லை. நம் வாயில் இருக்கிறது. சொந்தக்காரர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், நம் வீட்டுக் கல்யாணங்களில் நானே காதால் கேட்டிருக்கிறேன். ஒருவர் இளைத்துப்போய் வந்தால் உடனே, "என்னவாம், அந்த நோயா?" இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் ஆள் நம்பிக்கை மையத்தின் வாசல் வரை போய்த் திரும்பி வருகிறான். எப்படி வந்தது என்று கேட்கிறோமே, சர்க்கரை வந்தவனிடம் எத்தனை லட்டு தின்றாய் என்று விசாரணை நடத்துகிறோமா? அடுத்தவர் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது, இதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

அவன் அந்த வாரமே மருந்தைத் தொடங்கினான். முதலில் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. ஆறாவது மாதம் வைரல் லோடு எடுத்தார்கள். கருவியில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்திருந்தது. முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தமில்லை, மாத்திரையை நிறுத்தினால் திரும்பி வரும். ஆனால் இப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது என்று ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. இதைக் கேட்டு அவன் மனைவி அழுதாராம். அவருக்கும் பரிசோதனை செய்தார்கள், நெகட்டிவ். சி.டி.4 இப்போது 251. மெதுவாகத்தான் ஏறுகிறது, ஏறட்டும்.

சந்தேகம் இருப்பவர்கள் கமெண்டில் எழுத வேண்டாம், இன்பாக்ஸில் வாருங்கள். என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் 1097-க்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது. நேரில்தான் பேச வேண்டும் என்றால் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். ஒரு போன் போட்டுவிட்டு வாருங்கள்.