விளக்கு நம் கண்ணுக்கா, செடிக்கா?

அடுக்குமாடி வீட்டிலேயே கீரை வளர்க்க வேண்டும் என்ற ஆசை இன்று நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு, கொவிட்-19 நோய்ப் பரவல் காலத்தில் தேசியப் பூங்காக் கழகம் சிங்கப்பூர் வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலங்களை அனுப்பி அந்த ஆசைக்கு நீர் ஊற்றியது. வெயில் எட்டிப் பார்க்காத அறைகளில் வசிப்போர், வளர்ப்புக் கூடாரத்தையும் அதனுள் தொங்கவிடும் எல்இடி விளக்கையும் இப்போது நாடுகிறார்கள். ஆசையில் குறையில்லை. ஆனால், அந்த விளக்கை நாம் தேர்ந்தெடுக்கும் முறைதான் கவலை தருகிறது.

நண்பர்களே, நம்மில் ஒளிச்சேர்க்கையைப் படிக்காதவர் எவர்? படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால், விளக்கு வாங்கும் வேளையில் அந்தப் பாடத்தைத் தேர்வு மண்டபத்திலேயே விட்டுவிடுகிறோம். பெட்டியின்மேல் ‘1000 வாட்’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தால் போதும், பணம் கைமாறிவிடுகிறது.

வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது தரும் ஒளியின் அளவன்று. அதிலும், ‘1000 வாட்’ என்ற பெயரில் விற்கப்படும் விளக்குகள் சில உண்மையில் 100 வாட் அளவுக்கே மின்சாரம் இழுக்கின்றன. பெயரில் உள்ள எண் வெறும் விளம்பரம். லுமென் என்ற அளவும் இங்கு உதவாது. அது மனிதக் கண்ணுக்காக வகுக்கப்பட்டது. நம் கண் பச்சை ஒளியையே கூர்மையாக உணர்வதால் அதற்கே கூடுதல் மதிப்பளிக்கும். செடிக்கு வேண்டியதோ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள். அவற்றை எண்ணும் அளவு மைக்ரோமோல்.

ஆகவே, விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதாம். ஒரு ஜூல் மின்சாரத்துக்கு இந்த விளக்கு எத்தனை மைக்ரோமோல் தரும்? செடி இருக்கும் உயரத்தில், ஒரு சதுர மீட்டரில், விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீளமும் அகலமும் 60 சென்டிமீட்டர் உள்ள சிறு கூடாரத்தில் புதினாவோ சாலட் கீரையோ வளர்க்கிறோம் என்று கொள்வோம். இவற்றுக்குச் சதுர மீட்டருக்கு 200 மைக்ரோமோல் அளவில், நாளுக்கு 16 மணி நேரம் ஒளி கிடைத்தால் போதும். சிதறி வீணாவதையும் சேர்த்தால், விளக்கு விநாடிக்குச் சுமார் 100 மைக்ரோமோல் தர வேண்டும். ஜூலுக்கு 2.5 மைக்ரோமோல் தரும் நல்ல விளக்கு இதை 40 வாட்டில் முடித்துவிடும். மாதம் 19 யூனிட் செலவாகும். ஜூலுக்கு 1.2 மட்டுமே தரும் விளக்குக்கு 83 வாட் வேண்டும்; மாதம் 40 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால், ஓராண்டில் 70 வெள்ளிக்கும் மேல் வேறுபாடு. மலிவாக வாங்கிய விளக்கு உண்மையில் மலிவா? போதாக்குறைக்கு, அது இழுக்கும் கூடுதல் மின்சாரம் வெப்பமாகி நம் அறையையே புழுங்க வைக்கும்.

ஊதா நிற விளக்குதான் ‘அறிவியல் விளக்கு’ என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. இலை பச்சையாகத் தெரிவதால் பச்சை ஒளி முழுவதும் வீண் என்பது தவறு. 1970களின் தொடக்கத்தில் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களைச் சோதித்து, பச்சை ஒளியிலும் ஒளிச்சேர்க்கை நன்றாகவே நடக்கிறது என்று காட்டினார். வெள்ளை ஒளியில் இன்னொரு நன்மையும் உண்டு: இலை மஞ்சளாவதும் பூச்சி அரிப்பதும் உடனே கண்ணில் படும்.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளையும் அப்படியே பின்பற்றலாகாது. அவற்றுள் பல, வட அமெரிக்காவில் கஞ்சா வளர்ப்போருக்காக எழுதப்பட்டவை. இங்கே அது கடுங்குற்றம் என்பது நாம் அறிந்ததே. அந்தச் செடிக்குச் சொல்லப்படும் ஒளி நம் கீரைக்கு மிதமிஞ்சியது. குளிர்நாட்டில் விளக்கின் வெப்பம் ஒரு வரம். நம் நாட்டில் அது சுமை.

“தேக்கா சந்தையில் ஒரு கட்டுக் கீரை வாங்குவதை விட்டு இத்தனை கணக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விளக்கு வாங்கி யாரும் கீரைச் செலவை மிச்சப்படுத்தப் போவதில்லை. அதனால்தான், முதலில் சூரியனை நாடுங்கள் என்கிறேன். தாழ்வாரத்திலோ சன்னலோரத்திலோ நாளுக்குச் சில மணி நேரம் வெயில் விழுமானால் அங்கேயே தொட்டியை வையுங்கள். மிளகாய், தக்காளி, கறிவேப்பிலை போன்றவை மிகுந்த ஒளி கேட்பவை. அவற்றுக்குச் சமூகத் தோட்டமே ஏற்ற இடம். வெயிலே இல்லாத அறையில் கீரையும் நாற்றும் வளர்க்க மட்டும் விளக்கு வாங்கலாம். விடுதியில் இருப்போர் விதிமுறைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு நாள்தோறும் 16 மணி நேரம் எரியப்போவது. ஆகவே, செருகியில் சிங்கப்பூரின் பாதுகாப்புச் சின்னமோ மலேசியாவின் சிரிம் முத்திரையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். மைக்ரோமோல் கணக்கைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். பட்டம் பெற்றவர்களாகிய நாமே கேள்வி கேட்காமல் வாங்கினால், வேறு யார் கேட்பார்? படித்த பாடம் பையில் உள்ள பணத்தையாவது காக்கட்டும்!