நடைபாலமும் நுழைவுச்சீட்டும்

குஜராத் மாநிலம் மோர்பியில் மச்சு ஆற்றின் மீதிருந்த தொங்கு பாலம் 2022 அக்டோபர் 30-ஆம் தேதி அறுந்து விழுந்து 135 பேர் உயிரிழந்தனர். பாலத்தை இளைஞர்கள் சிலர் வேண்டுமென்றே ஆட்டியதுதான் காரணம் என்று அப்போது பேசப்பட்டது. சிறப்புப் புலனாய்வுக் குழுவோ, முதன்மை வடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 துருவேறி, விபத்துக்கு முன்பே அறுந்திருக்கக்கூடும் எனக் கண்டறிந்தது.

கூட்டத்தின் மீது பழி போடுவது எளிது. யாரும் குறும்பு செய்யாமல், ஒழுங்காக நடந்தாலே ஆடக்கூடிய பாலங்களும் உண்டு. லண்டன் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10-இல் திறக்கப்பட்டு, இரண்டே நாள்களில் மூடப்பட்டது.

நாம் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி எடுத்து வைக்கிறோம். இடக்கால் ஒரு பக்கமும் வலக்கால் மறுபக்கமும் தள்ளுவதால், பக்கவாட்டு விசை விநாடிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. அந்தப் பாலத்தின் இயல்பான பக்கவாட்டு அசைவும் ஏறத்தாழ அதே வேகத்தில் இருந்தது. பாலம் சற்று அசைந்ததும், விழாமலிருக்க ஒவ்வொருவரும் காலை அகற்றி ஊன்றுகிறார். அந்தத் தற்காப்பே பாலத்தை மேலும் தள்ளுகிறது. பின்னர் நடந்த சோதனையில், ஒரு பகுதியில் ஏறத்தாழ 160 பேர் வரை பெரிய மாற்றமில்லை. மேலும் சிலர் சேர்ந்ததும் ஆட்டம் திடீரெனப் பெருகியது. அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்திய பிறகு, 2002 பிப்ரவரியில்தான் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது.

பொருளியல் அறிஞர்கள் ஜோன் டேனியல்சனும் ஹியூன் சாங் ஷின்னும் நிதிச்சந்தையின் வீழ்ச்சியை விளக்க இப்பாலத்தையே எடுத்துக்காட்டினர். விலை சரியும்போது ஒவ்வொருவரும் தற்காப்புக்காக விற்க, சரிவு பெருகுகிறது. (வகுப்பறையில் இதைவிட எளிதில் புரிந்த உவமை எனக்குக் கிடைத்ததில்லை.)

அம்பத்தூர் போன்ற ரயில் நிலையங்களின் நடைமேம்பாலங்கள் குறுகிய இடைவெளி கொண்ட எஃகுக் கட்டுமானங்கள். பக்கவாட்டு ஆட்டத்துக்கு வாய்ப்பு குறைவு. அங்கே அச்சம் நெரிசல்தான். 2017 செப்டம்பர் 29-இல் மும்பை எல்ஃபின்ஸ்டன் சாலை நிலைய நடைமேம்பாலத்தில் 23 பேர் மாண்டது அவ்வாறே. ஆனால், சுற்றுலாவுக்காக நீர்நிலைகளின் மீது கட்டப்படும் நீண்ட, மெல்லிய பாலங்களின் கதை வேறு.

மோர்பியில் பாலத்தைப் பராமரித்த நிறுவனமே நுழைவுச்சீட்டையும் விற்றது. நகராட்சியின் தகுதிச் சான்று பெறாமலேயே பாலம் திறக்கப்பட்டதாக அதிகாரிகளே கூறினர். கூடுதலாக ஒருவரை அனுமதித்தால் வருவாய் ஒப்பந்ததாரருக்கு. ஆபத்து பாலத்தில் நிற்பவருக்கு. எனவே ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்னும் வரம்பைப் பொறியாளர் நிர்ணயித்து, நுழைவாயிலில் எழுதி வைக்க வேண்டும். எண்ணி அனுமதிக்கும் பொறுப்பு, சீட்டு விற்பவரிடம் அல்லாமல் உள்ளாட்சி அமைப்பிடம் இருக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), மேனாம்பேடு.