சாக்லேட் முக்கின பழமும் மெழுகு முக்கின பழமும்

சாக்லேட் முக்கின பழம் வீட்ல செய்யறது எப்படின்னு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். டார்க் காம்பவுண்ட் ஒரு கட்டி வாங்கு, உருக்கு, பழத்தை முக்கு, ஃப்ரிட்ஜ்ல வை. பத்து நிமிஷ வேலை. வேலை சுலபம்தான், மறுக்கல. ஆனா அதுல சாக்லேட் எங்கய்யா இருக்கு?

அந்தக் கட்டியோட பின்பக்கத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க மக்களே. சர்க்கரை, வெஜிடபிள் ஃபேட், கோகோ பவுடர்னு போட்டிருப்பான். கோகோ பட்டர்ங்கற வார்த்தையே இருக்காது. கொட்டையிலேர்ந்து வர்ற விலை அதிகமான கொழுப்பை எடுத்துட்டு, அந்த இடத்துல பெரும்பாலும் பாமாயில் குடும்பத்துக் கொழுப்பைப் போட்டா அதுதான் காம்பவுண்ட்.

என்ன பெரிய வித்தியாசம்னு கேப்பீங்க. எல்லாமே அந்தக் கொழுப்புலதான் இருக்கு. கோகோ பட்டர் உறையும்போது ஆறு விதமான படிக வடிவம் எடுக்கும். அதுல அஞ்சாவது வடிவம் கிட்டத்தட்ட 34 டிகிரியில உருகும். நம்ம வாய் 37 டிகிரி. அதனாலதான் நல்ல சாக்லேட் கையில கெட்டியா நின்னு, நாக்குல வெச்சதும் கரையுது. பல காம்பவுண்ட்ல இருக்கற கொழுப்பு அதுக்கும் மேலதான் முழுசா உருகும். பழம் உள்ளே போனப்புறமும் மேலண்ணத்துல மெழுகு மாதிரி ஒரு படலம் ஒட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க, அது இதோட வேலைதான்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் இல்ல. ஐரோப்பாவுல வேற கொழுப்பு கலந்ததை சாக்லேட்னு சொல்லலாமா கூடாதான்னு 1973-ல பிரிட்டன் உள்ளே வந்ததுலேர்ந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் அடிச்சுக்கிட்டாங்க. கடைசியா 2000-ல, 5 சதவீதம் வரைக்கும் வேற கொழுப்பு கலக்கலாம், ஆனா அதை லேபிள்ல சொல்லணும்னு முடிவாச்சு. வெறும் 5 சதவீதத்துக்கு அவ்வளவு சண்டை! நாம மொத்தக் கொழுப்பையும் மாத்தினதை வாங்கிட்டு வந்து, "சாக்லேட் ஸ்ட்ராபெர்ரி"ன்னு பேர் வெச்சுப் புள்ளைங்களுக்குக் குடுக்கறோம்.

காம்பவுண்டுக்குன்னு ஒரு நியாயம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. நம்ம ஊர் வெயில்ல கடை அலமாரியில அது தாங்கும், அசல் தாங்காது. விலையும் ஒரு காரணம். 2024 டிசம்பர்ல நியூயார்க் சந்தையில கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டிச்சு. பேக்கரிக்காரர் என்ன பண்ணுவார் பாவம்! அவரை நான் குத்தம் சொல்லல.

ஆனா வீட்ல? வீட்ல நாம பயப்படறது விலைக்கு இல்ல, டெம்பரிங்குக்கு. டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் உருக்கி, ஆறவிட்டு, 31-32 டிகிரியில பிடிச்சு வெச்சு, அந்த அஞ்சாவது வடிவத்தை வரவழைக்கற வித்தை. இதைப் படிச்சதும் ஆளு காம்பவுண்ட் பக்கம் ஓடிடறார்.

இங்கதான் என் கருத்து. பழத்துக்கு டெம்பரிங் தேவையே இல்ல. டெம்பரிங் பண்ணாத சாக்லேட்டுக்கு என்ன ஆகும்? பளபளப்பு கம்மியாகும், வெளியே வெச்சா கையில ஒட்டும், போகப்போக மேல வெள்ளையாப் பூக்கும். ஸ்ட்ராபெர்ரியில 90 சதவீதம் தண்ணி. முக்கின மறுநாளே அது நீர் விட ஆரம்பிச்சிடும். ஆக, சாக்லேட் மோசமாகறதுக்கு முன்னாடியே பழம் மோசமாயிடும். அன்னிக்கே ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து அன்னிக்கே தின்னு தீர்க்கப்போற சமாச்சாரத்துக்கு எதுக்குங்க மாசக்கணக்குல தாங்கற கொழுப்பு?

செய்முறையும் பெருசா ஒண்ணும் இல்ல. கோகோ பட்டர் போட்ட டார்க் சாக்லேட் 150 கிராம் எடுத்து நறுக்குங்க. மூணுல ரெண்டு பங்கை வெந்நீர் மேல வெச்ச பாத்திரத்துல உருக்குங்க, அடிப்பாகம் தண்ணியில படக்கூடாது. கீழே இறக்கி, மிச்சத்தைப் போட்டுக் கிளறிக்கிட்டே இருங்க. ஒரு சொட்டைக் கீழுதட்டுல வெச்சா லேசா ஜில்லுன்னு இருக்கணும். அப்ப முக்குங்க. இதுதான் ஏழைகளோட டெம்பரிங், வந்தா லாபம், வராட்டி ஃப்ரிட்ஜ் இருக்கு :-)

பயப்படவேண்டிய ஒரே எதிரி தண்ணிதான். ரெண்டு சொட்டு விழுந்தாலே சர்க்கரையும் கோகோவும் ஒட்டிக்கிட்டு மொத்தமும் களிமண்ணாயிடும். அதனால பழத்தைக் கழுவித் துணியில ஒத்தி, காத்துல நல்லா காயவிடுங்க. கெட்டியா இருக்குன்னு பால் ஊத்தற வேலை வேணாம். மீறி களிமண்ணாயிட்டா தூக்கிப் போடாதீங்க. சூடான பாலை இன்னும் தாராளமா ஊத்திக் கலக்கினா சாஸாயிடும், பழத்தை அதுல தொட்டுத் தின்னுக்கலாம்.

ஸ்ட்ராபெர்ரிதான் வேணும்னு அடம் பிடிக்கவும் வேணாம். என்னைக் கேட்டா, நம்ம மலை வாழைப்பழத்துண்டும் காஞ்ச அத்திப்பழமும் டார்க் சாக்லேட்டுக்கு அதைவிடப் பொருத்தம். அத்தியில தண்ணி கம்மி, நாலு நாள் கூடத் தாங்கும்.

விலை கட்டுப்படியாகலையா, கம்மியாச் செய்யுங்க. இருபது மெழுகுப் பழத்தைவிட எட்டு சாக்லேட் பழம் மேல். அந்த எட்டைத் தின்ன குழந்தைக்கு சாக்லேட்னா என்னன்னு நாக்குக்குத் தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் எந்த லேபிளாலயும் அதை ஏமாத்த முடியாது.

காம்பவுண்ட் கட்சி ஆளுங்க யாராவது இருந்தா வாங்க, சண்டை போடலாம்!