சட்டையின் விலையும் தைத்தவளின் கூலியும்

பொங்கலுக்குப் புத்தாடை வாங்கப் புடைவைக் கடைக்குச் செல்வோர் நிறம் பார்ப்பர், துணி பார்ப்பர், நூறு ரூபாயைக் குறைப்பதற்கு நெடுநேரம் வழக்காடுவர். தைத்தவளுக்கு என்ன கூலி கிடைத்தது என்று கேட்போர் எத்தனை பேர்? கொழும்பில் வெங்காயம் விற்கும் விலைக்கும் தம் மடிக்கு வரும் பணத்துக்கும் உள்ள தூரத்தை அறிந்த எங்கள் கமக்காரருக்கு இக்கேள்வி புதியதன்று.

விலை கூடிய ஆடை நேர்மையான ஆடை எனக் கற்றோரிற் பலர் நம்புகின்றனர். வீண் நம்பிக்கை! 2013 ஏப்ரல் 24ஆம் நாள், டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்னும் எட்டுமாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். மலிவுக்குப் பேர்போன பிறைமார்க்குக்கும் அத்துணை மலிவல்லாத பெனற்றனுக்கும் அங்கே ஆடை தைக்கப்பட்டது. முதல்நாளே சுவர்களில் வெடிப்புக் கண்டது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது. தையல் தொழிலாளரோ மறுநாட் காலை உள்ளே போகுமாறு பணிக்கப்பட்டனர். வங்கி ஊழியரின் உயிருக்கு ஒரு விலை, தையற்காரியின் உயிருக்கு வேறொரு விலையா? அவ்வாலைகளிற் சில, 'சமூகத் தணிக்கை' எனப்படும் சோதனைக்கு முன்னரே உட்பட்டவை என்பதையும் மறத்தலாகாது.

நற்சான்றுப் பத்திரம் வேறு. மன்றில் நிற்கக்கூடிய ஒப்பந்தம் வேறு. அவ்வனர்த்தத்தின் பின், 2013 மே மாதத்தில், தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்படிக்கை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதிற் கைச்சாத்திட்டன. சொன்னபடி நடக்கவில்லையென இரு நிறுவனங்களுக்கு எதிராக 2016இல் சங்கங்கள் ஹேக் நகரின் நிரந்தர மத்தியஸ்த நீதிமன்றில் முறையிட்டன. இரண்டும் ஈற்றில் இணக்கத்துக்கு வந்தன. ஒன்று 23 இலட்சம் டொலர் கொடுக்க உடன்பட்டது. தணிக்கை அறிக்கையைக் காட்டி இவ்வாறு வழக்காட முடியுமா?

எம் நாட்டுக்கு வருவோம். 1978இல் கட்டுநாயக்காவில் தொடங்கிய ஆடைத்தொழில், 2009க்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்துள்ளது. எங்கள் பெண்பிள்ளைகளே அங்கு இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கின்றனர். நூற்றுக்கு நாற்பது தொழிலாளரைக் கொண்ட சங்கத்துடன் பேரம்பேச மறுத்தல் 1999ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி குற்றம். சட்டம் ஏட்டில் நன்றாகவே இருக்கிறது. நாற்பது பேர் சேருமட்டும் முதல் நாலு பேரின் வேலை நிலைக்குமா என்பதே கேள்வி.

இத்தகைய ஆடைகளைப் பகிஷ்கரிப்போம் என்பாரும் உளர். அதை நாம் ஏற்கோம். 2020இல், கொரோனாவைக் காட்டி வெளிநாட்டு நிறுவனங்கள் கட்டளைகளை இரத்துச் செய்தபோது முதலிற் பட்டினி கிடந்தவர் யார்?

உள்ளூர்க் கடையிற் கேட்போருக்கு உடனே விடை கிடையாதிருக்கலாம்; பத்துப் பேர் கேட்டாற் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்பார். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இலங்கைச் சட்டையை வாங்கும் எம் உறவினர் தாராளமாக வாங்கட்டும். வாங்கியபின் அந்நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதட்டும்: இது எந்த ஆலையில் தைக்கப்பட்டது? அங்கே சங்கம் உண்டா? சங்கத்துடன் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதி எங்கே?