சால்வியாவும் சமவெளிப் பருவமும்

சால்வியா என்னும் செம்மலர்ச் செடி மலைப்பிரதேசங்களுக்கே உரியதென்றும், தேசூர் போன்ற வெயில் மிகுந்த ஊர்களில் அது பிழைக்காதென்றும் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பொருத்தமன்று. செடி பட்டுப்போவதற்கு ஊர் காரணமன்று. நடும் பருவமே பெரும்பாலும் காரணமாகும்.

உதகமண்டலத்தில் 1848-ஆம் வருஷத்தில் தோற்றுவிக்கப்பெற்ற அரசினர் தாவரவியல் பூங்காவில், ஆண்டுதோறும் மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. அங்கே தொட்டி தொட்டியாகப் பூத்து நிற்கும் சால்வியாவைக் கண்டு மகிழ்ந்தோர், ஊர் திரும்பியதும் அதே மாதத்தில் செடி வாங்கி வாசலில் வைக்கின்றனர். அப்பூங்காவோ கடல் மட்டத்திற்கு மேல் 7,000 அடிக்கு அதிகமான உயரத்திலுள்ளது. கோடையிலும் அங்கே வெப்பம் மிதமானதே. திருவண்ணாமலை ஜில்லாவில் அது கத்தரி வெயிற்காலம். பிரேஸில் நாட்டின் குளிர்ந்த மேட்டுநிலங்களைத் தாயகமாகக் கொண்ட செடி அவ்வெயிலில் மொக்குதிர்த்து வாடுவதில் வியப்பில்லை. செடிக்குக் கொடுத்த விலையும், அரிய கோடைக் கிணற்று நீரும் வீணாகின்றன.

ஆகவே சமவெளியில் இதனைக் குளிர்காலப் பூவாகவே கொள்ளல் வேண்டும். புரட்டாசியில் விதைத்து, ஐப்பசிக் கடைசியில் நாற்றைப் பிடுங்கி நட்டால், மார்கழி முதல் மாசி வரையில் பூக்கும். விதை முளைக்க வெளிச்சம் தேவை, ஆழமாகப் புதைத்தலாகாது. மட்கிய இலையெருவும் மணலும் கலந்த மண்ணின்மேல் தூவி லேசாக அழுத்தினாற் போதும். பருவமழை நேரே விழாதபடி நாற்றுத் தொட்டியைத் தாழ்வாரத்தில் வைத்தல் அவசியம். நீர் தேங்கினால் நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாயும். தரையில் நடுவோர் முக்காலடி இடைவெளி விடலாம். வாசல் குறுகிய நெசவாளர் தெருக்களில் எட்டங்குலத் தொட்டியே போதுமானது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் இதற்கு உகந்தவை. வேர்பிடித்தபின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். தழையுரத்தை மிதமிஞ்சி இட்டால் இலை செழிக்கும், பூ குறையும்.

மணமில்லாததும், தொடுத்துச் சூடுதற்கு ஏலாததுமான பூவுக்கு உழைப்பெதற்கு என்று கேட்போருமுண்டு. அக்கேள்வி நியாயமானதே. மல்லிகைக் கொடியை அகற்றிவிட்டுச் சால்வியா வைக்குமாறு எவரும் கூறார். ஆனால் மல்லிகை பூப்புக் குறைந்து ஓய்ந்திருக்கும் குளிர்மாதங்களிலேயே இது பூக்கிறது. மண்ணில் மழையின் ஈரம் இருப்பதால் அதிக நீரும் வேண்டுவதில்லை. இதன் புல்லிவட்டமும் சிவப்பாதலின், உள்ளிதழ் உதிர்ந்த பின்னரும் பல நாள் நிறம் நிலைத்திருக்கும். தேனுண்ண வரும் சிட்டுகளும் வாசலுக்கு அழகூட்டும்.

காய்ந்த புல்லிவட்டத்தினுள் நான்கு விதைகள் வரை இருக்கும். அவை உதிர்வதற்கு முன் சேகரித்து உலர்த்தி வைத்தால் மறுவருஷத்திற்கு உதவும். ஒட்டுவிதையிலிருந்து வந்த செடியாயின் அதன் விதை தாய்ச்செடியின் குணத்தைத் தவறாது காட்டுமென நம்புதற்கில்லை.

மே மாதத்தில் பூத்த செடிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைப் புரட்டாசி விதைக்கு ஒதுக்குவோர், மார்கழிக் கோலத்தருகே செம்மலர் வரிசையைக் காண்பர்.