காதால் ஜெயித்தவர்

பேட்டில் ராப் என்றதும் நம் ஊரில் பலருக்கும் 2002-இல் வந்த 'எய்ட் மைல்' படம்தான் நினைவுக்கு வரும். டெட்ராய்ட் நகரத்து நெரிசலான அரங்கு, கையில் மைக், எதிரில் நிற்பவனை நார்நாராகக் கிழிக்கும் பாட்டு. எமினெம் நடித்த அந்தப் படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் கடைசி மோதலில் வருபவை படத்துக்காக எழுதப்பட்ட வரிகள். காகிதத்தின் துணையில்லாமல், நின்ற இடத்தில் அதைச் செய்து காட்டியவர்கள் நிஜத்தில் இருந்தார்கள். அவர்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மைக்கேல் லார்சனை. மேடைப்பெயர் ஐடியா. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரத்துப் பையன். அவரை வாய்த்துடுக்குக்காரர் என்று ஒதுக்குவதும், போதையில் போன இன்னொரு ராப்பர் என்று முடித்துவிடுவதும் பெரிய அநியாயம்.

அவர் பிறந்தது 1981 நவம்பர் 9. அதே ஆண்டு டிசம்பரில், நியூயார்க்கின் ஹார்லெம் வேர்ல்டு கிளப்பில் கூல் மோ டீ என்ற இளைஞர், கூட்டத்தைக் குஷிப்படுத்துவதில் பேர்போன பிஸி பீயை மேடையிலேயே வார்த்தைகளால் மடக்கினார். கூட்டத்தை ஆட வைப்பதுதான் மைக் பிடிக்கும் எம்சியின் வேலை என்று இருந்த நிலை அன்றோடு மாறியது. எதிராளியின் சரக்கு என்ன என்று எடைபோட்டுச் சொல்வதும் கலையாயிற்று. காளமேகத்தைக் கொண்டாடும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியில் ஆண்டுதோறும் 'ஸ்க்ரிபிள் ஜாம்' என்ற கூடுகை நடந்தது. சுவரோவியக்காரர்களின் பத்திரிகை ஒன்றிலிருந்து முளைத்தது. பெரிய கம்பெனி எதுவும் எட்டிப் பார்க்காத நாளிலேயே அதற்கு ஒரு மரியாதை உண்டு. 1997-இல் எமினெமே அங்கே சிகாகோவின் ஜூஸ் என்பவரிடம் தோற்றுப் போனார். 1999-இல் அந்தப் பட்டத்தை வென்றபோது லார்சனுக்குப் பதினேழு வயது. கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த கலையில், வெள்ளைத்தோலும் ஒடிசலான உடம்புமாக வந்து நின்ற பையன். அடுத்த ஆண்டே எச்பிஓ ஒளிபரப்பிய 'பிளேஸ் பேட்டில்' போட்டியிலும் ஜெயித்தார்.

அந்தப் போட்டிகளின் வீடியோப் பதிவுகளில் நான் கவனிப்பது அவர் பேசும் நேரத்தை அல்ல, பேசாமல் நிற்கும் நேரத்தை. எதிராளி முகத்துக்கு நேரே வந்து அவமானப்படுத்துகிறார். கூட்டம் கத்துகிறது. இவர் அத்தனையையும் வாங்கிக்கொள்கிறார். முறை வந்ததும் எதிராளி விட்ட அதே சொல்லை எடுத்து, திருப்பி, அவர் மேலேயே போடுகிறார். காது திறந்திருந்தால் ஒழிய இது முடியாது.

எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்குத் தொண்ணூறு தட்டு வேகத்தில் பீட் ஓடுகிறது என்று வையுங்கள். நான்கு தட்டு சேர்ந்தது ஒரு வரி. மூன்று விநாடிகூடக் கிடையாது. நம் எதுகை அடியின் தொடக்கத்தில் விழும். ராப்பில் ஓசை ஒப்புமை பெரும்பாலும் வரியின் கடைசியில் விழ வேண்டும். அதனால் தேர்ந்தவர்கள் முடிக்கப்போகும் சொல்லை முதலில் பிடித்துவிட்டு அதை நோக்கி வரியை நடத்திப் போவார்கள். இந்த வரி வாயில் இருக்கும்போதே அடுத்த வரியின் வால் மனதில் வந்தாக வேண்டும். 2012-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்து ஆய்வாளர்கள் பன்னிரண்டு ராப்பர்களை ஸ்கேனில் படுக்க வைத்துப் பாட விட்டார்கள். மனப்பாடமாகப் பாடியதோடு ஒப்பிட்டால், அந்தக் கணத்தில் கட்டிப் பாடும்போது மூளையில் நம்மை மேற்பார்வை பார்த்துக் கட்டுப்படுத்தும் பகுதி தளர்ந்திருந்தது. உள்ளிருந்து உந்தும் பகுதி விழித்திருந்தது.

பிறகு காலம் மாறியது. 2008-இல் டொரான்டோவில் 'கிங் ஆஃப் தி டாட்', அதற்கடுத்த ஆண்டு நியூயார்க்கில் 'யூஆர்எல்' என்று லீக்குகள் எழுந்தன. பீட் கிடையாது. எதிராளி யார் என்பது முன்கூட்டியே தெரியும். இருவரும் எழுதி, உருப்போட்டு, மூன்று சுற்று மோதுவார்கள். சொல்லடர்த்தியில் இந்த வரிகள், நின்ற இடத்தில் கட்டிப் பாடும் பழைய ஃப்ரீஸ்டைலைத் தாண்டிவிட்டன, மறுக்கவில்லை. சிலேடைக்குள் சிலேடை வைக்கிறார்கள். ஆனாலும் அங்கே அரங்கு அதிரும் நேரம் எது தெரியுமா? எதிராளி இப்போதுதான் சொன்னதற்கு ஒருவர் அந்த இடத்திலேயே பதில் கட்டும்போது. 'ரிபட்டல்' என்பார்கள். அரை நிமிடம் அது நடக்கும், பிறகு உருப்போட்டு வந்ததற்குள் போய்விடுவார்கள்.

கல்லூரிப் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகப் போய் உட்காரும்போதெல்லாம் லார்சன் ஞாபகம் வருகிறது. முன்னால் பேசிய பெண் அருமையான ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போயிருப்பாள். அடுத்து வரும் மாணவன் அதைத் தொடவே மாட்டான். உட்கார்ந்திருக்கும்போதே அவன் உதடு தன் உரையை முணுமுணுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருப்பேன். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. மதிப்பெண் தாளில் 'கேட்டான்' என்பதற்கு ஒரு கட்டம்கூட நாங்கள் வைக்கவில்லை.

இரண்டு பெரிய பட்டங்கள் கையில் இருந்தும் லார்சன் போட்டி மேடையை விட்டு விலகினார். என் மதிப்பில் அவர் வாழ்க்கையின் துணிச்சலான காரியம் அதுதான். டிஜே அபிலிட்டீஸுடன் சேர்ந்து 2001-இல் 'ஃபர்ஸ்ட் பார்ன்' இசைத்தொகுப்பை வெளியிட்டார். மினியாபொலிஸின் 'ரைம்சேயர்ஸ்' என்ற சின்ன நிறுவனம் கொண்டுவந்தது. எதிராளியைக் கேள்வி கேட்ட நாக்கு அதில் தன்னையே கேள்வி கேட்டது. அடுத்த ஆண்டு ஆலிவர் ஹார்ட் என்ற வேறு பெயரில் ஒரு தொகுப்பு. அதில் 'பாட்டில் ட்ரீம்ஸ்' என்று ஒரு பாட்டு. பெற்ற தகப்பனாலேயே சிதைக்கப்படும், வயலின் வாசிக்கும் சிறுமியின் கதை. அதைக் கேட்ட பிறகு இவரை வசைபாடி என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

அதையும்விட எனக்கு முக்கியமானது 'ஃபேஸ் கேண்டி' குழு. டிரம்ஸ் வாசிக்கும் ஜே.டி. பேட்ஸ் போன்ற ஜாஸ் கலைஞர்களோடு, எழுதாமல், ஒத்திகை பார்க்காமல் மேடையேறி அங்கேயே பாட்டைக் கட்டுவது. 2006-இல் முதல் தொகுப்பு வந்தது. பரபரப்பாக விற்கவில்லை. பலர் பழைய சண்டைக்கார ஐடியாவையே எதிர்பார்த்தார்கள். ஆனால் சின்சினாட்டியில் எதிராளியைக் கேட்ட காது இங்கே டிரம்ஸைக் கேட்கிறது. அவமானப்படுத்த யாருமே இல்லாத மேடையிலும் அந்தத் திறன் உயிரோடு இருந்ததே, அவர் தேர்ச்சிக்கு வேறென்ன சான்று வேண்டும்?

2010 அக்டோபர் 16 அன்று செயின்ட் பாலில் இறந்தார். வயது 28. ஓபியாய்ட் மருந்து அளவு மீறியதால் நேர்ந்த விபத்து என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. கலைஞன் என்றால் இப்படித்தான் போவான் என்று உச்சுக்கொட்டுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஓர் ஆண்டில் அமெரிக்காவில் மருந்தும் போதைப்பொருளும் அளவு மீறி 38,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் மேடையேறியவர்கள்? இது ஒரு நாட்டின் பொதுச் சுகாதாரத் தோல்வி. அதைக் கலையின் தலையில் கட்டக் கூடாது.

லீக் நடத்துபவர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. மூன்று சுற்றில் கடைசிச் சுற்றை எழுதாத சுற்றாக ஆக்குங்கள். பீட்டைப் போடுங்கள். எதிராளி முந்தைய இரண்டு சுற்றில் சொன்னதிலிருந்து மட்டுமே பேச வேண்டும் என்று விதி வையுங்கள். வரிகள் தடுமாறும், இயைபு சில இடத்தில் உதைக்கும், பரவாயில்லை. இங்கே எங்கள் பேச்சுப் போட்டிகளுக்கும் அப்படி ஒரு சுற்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: முன்னால் பேசியவருக்கு இரண்டு நிமிடப் பதில், கையில் தாள் இல்லாமல்.